வேண்டாத தளங்களுக்கு வீட்டில் தடை: வாசகர் கேள்விகள்

கும்பகோணத்தில் பிரவுசிங் சென்டர் நடத்தியவன், இப்போது வீடு வீடாகப் போய் வைஃபை சரிசெய்து கொடுப்பவன். இந்தப் பக்கத்தில் பதில் சொல்ல எனக்கிருக்கும் தகுதி அவ்வளவுதான். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேண்டாத வலைத்தளங்களைத் தடுப்பது பற்றியே இருந்தன. கேட்டவர்கள் வேறு, தடை யாருக்காக என்பதும் வேறு. அதனால் ஒருவருக்குச் சொன்னதை இன்னொருவர் அப்படியே செய்து பார்க்க வேண்டாம்.

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். லேப்டாப், டேப் இரண்டும் வீட்டு வைஃபையில்தான் ஓடுகின்றன. ஆபாசத் தளங்களைத் தடுக்க முடியுமா என்று ஃபைபர் லைன் போட்டுக் கொடுத்தவரிடம் கேட்டேன். "அதெல்லாம் கம்பெனியில்தான் செய்ய முடியும்" என்கிறார். உண்மையா?
*(வாசகி, ஈரோடு)*

இல்லை அம்மா, உங்கள் வீட்டு வைஃபை பெட்டியிலேயே, அதாவது ரவுட்டரிலேயே, செய்யலாம். காசும் கிடையாது.

ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும், அந்தப் பெயருக்குரிய எண் என்ன என்று கம்ப்யூட்டர் முதலில் ஒரு சர்வரைக் கேட்கும். டிஎன்எஸ் என்பது அதுதான். நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் லைன் கொடுத்த கம்பெனியின் டிஎன்எஸ் பதில் சொல்லும். அந்த இடத்தில், ஆபாசத் தளங்களின் பெயரைக் கேட்டால் எண்ணைத் தராத ஒரு டிஎன்எஸ்ஸை ரவுட்டரில் எழுதி வைத்தால் போதும். உங்கள் வைஃபையில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் வடிகட்டி வந்துவிடும்.

இந்தச் சேவையை இலவசமாகத் தருபவர்கள் பலர். கிளவுட்ஃப்ளேர் தரும் எண்கள் 1.1.1.3, 1.0.0.3. ஓப்பன்டிஎன்எஸ்ஸின் ஃபேமிலிஷீல்டு 208.67.222.123, 208.67.220.123. கிளீன்பிரவுசிங்கின் குடும்ப வடிகட்டி 185.228.168.168, 185.228.169.168. கடைசியாகச் சொன்னதுதான் மூன்றில் கறார். கூகுள் தேடலையும் யூடியூபையும்கூடப் பாதுகாப்பு முறைக்குத் தள்ளிவிடும். எட்டாம் வகுப்புப் பையனுக்கு நான் அதையே போடுவேன். பெரியவர்களும் அதே லைனில் அலுவலக வேலை பார்க்கிறார்கள் என்றால் 1.1.1.3 தொந்தரவு குறைவு.

போடும் விதம்: வைஃபையில் இணைந்திருக்கும் கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடியுங்கள். ஜியோ பெட்டி என்றால் 192.168.29.1. உள்ளே போக வேண்டிய பெயரும் பாஸ்வேர்டும் பெட்டியின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். லேன் அல்லது டிஹெச்சிபி என்ற பக்கத்தில் டிஎன்எஸ் என்று இரண்டு கட்டங்கள் தெரியும். அங்கே இரண்டு எண்களையும் எழுதிச் சேமித்துவிட்டு, பெட்டியையும் கருவிகளையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள். கையோடு அந்த அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். ஸ்டிக்கரைப் படிக்க எட்டாம் வகுப்பு தேவையில்லை, மூன்றாம் வகுப்பு போதும்.

பலரும் இத்தோடு நிறுத்திவிட்டு, "நீங்கள் சொன்னது வேலை செய்யவில்லை" என்று எனக்கு எழுதுகிறார்கள். காரணம் பெரும்பாலும் ஐபிவி6. இப்போது நம் ஊர் லைன்களில் பழைய வகை முகவரியும் புதிய வகை முகவரியும் சேர்ந்தே வருகின்றன. மேலே நான் கொடுத்தவை பழைய வகைக்கான எண்கள். புதிய வகைக்குத் தனியாக எழுதாவிட்டால், கம்ப்யூட்டர் அந்த வழியாகக் கம்பெனியின் டிஎன்எஸ்ஸைக் கேட்டு, எல்லாத் தளங்களையும் திறந்துவிடும். கிளவுட்ஃப்ளேரின் குடும்ப வடிகட்டிக்கு 2606:4700:4700::1113, 2606:4700:4700::1003 என்று எழுத வேண்டும். மற்றவர்களின் எண்கள் அவரவர் தளத்தில் இருக்கும். சில பெட்டிகளில் டிஎன்எஸ் கட்டத்தையே கம்பெனி பூட்டி வைத்திருக்கும். அப்போது ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக எழுதுவதுதான் வழி. விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குள் வைஃபையின் ஹார்டுவேர் பிராப்பர்ட்டீஸில் இருக்கிறது.

போட்டது வேலை செய்கிறதா என்று பார்க்க நிஜமான ஆபாசத் தளத்தைத் திறக்க வேண்டாம். தன் எண்களைப் போட்டவர்களுக்காக கிளவுட்ஃப்ளேர் இதற்கென்றே ஒரு சோதனை முகவரி வைத்திருக்கிறது: நியூடிட்டி டாட் டெஸ்ட்கேட்டகரி டாட் காம். திறக்காவிட்டால் நல்லது.

லைன்மேன் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. 2018-இல் உத்தராகண்ட் உயர்நீதிமன்ற உத்தரவுக்குப் பின் மத்திய அரசு 827 ஆபாசத் தளங்களைத் தடுக்கச் சொன்னது, கம்பெனிகளும் தடுத்தன. சில தளங்கள் உடனே வேறு பெயரில் திரும்பி வந்தன. வீட்டு வடிகட்டிக்கும் இதே சிக்கல் உண்டு. பட்டியலில் ஏறாத புதுப் பெயர் தப்பிவிடும், ஏறக்கூடாத பெயர் ஏறிவிடும். கிளவுட்ஃப்ளேர் இந்தச் சேவையை 2020 ஏப்ரலில் தொடங்கியபோது பால்புதுமையினருக்கான (தன்பாலீர்ப்பாளர், திருநர் போன்றோர்) தளங்களையும் சேர்த்துத் தடுத்துவிட்டு, மன்னிப்புக் கேட்டுத் திருத்தியது. பட்டியல் போடுவதும் ஆட்கள்தானே. பையன் "பாடத்துக்கு வேண்டிய பக்கம் திறக்கவில்லை" என்று வந்து நின்றால், பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அப்புறம் ஒன்று. லேப்டாப்பைக் கூடத்தில் வையுங்கள். 2011-இல் மத்திய அரசு பிரவுசிங் சென்டர்களுக்கு விதி போட்டது. கேபின் தடுப்பு நாலரை அடிக்கு மேல் உயரக்கூடாது, கேபினுக்கு வெளியே உள்ள கம்ப்யூட்டர்களின் திரை எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும், சிறுவர்கள் பெரியவர் துணையில்லாமல் கேபினுக்குள் உட்காரக்கூடாது. எங்களில் பலர் முணுமுணுத்துக்கொண்டேதான் தச்சரைக் கூப்பிட்டுப் பலகையை அறுத்தோம். ஆனால் எந்த சாஃப்ட்வேரும் செய்யாததை அந்த நாலரை அடி செய்தது என்பதைக் கல்லாவில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

கேள்வி: நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதுகிறேன். வேலை நேரத்தில் ஃபேஸ்புக் பக்கம் போகாமலிருக்க, ஹோஸ்ட்ஸ் ஃபைலில் அதன் பெயரை எழுதினேன். ஒன்றும் நடக்கவில்லை. எங்கே தவறு?
*(வாசகர், சிவகாசி)*

ஒரே கம்ப்யூட்டர், ஒன்றிரண்டு தளம் என்றால் நீங்கள் எடுத்த வழிதான் சரி. சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி என்று போனால் ஹோஸ்ட்ஸ் இருக்கிறது. கம்ப்யூட்டர் வெளியே டிஎன்எஸ்ஸைக் கேட்பதற்கு முன்பே இந்தத் தாளைப் பார்த்துவிடும்.

முதலில், ஃபைலின் பெயரைப் பாருங்கள். நோட்பேட் அதை ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி என்று சேமித்திருந்தால் விண்டோஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. எனக்கு வரும் புகார்களில் பெரும்பாலும் இதுதான் காரணம். நோட்பேடை "ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று திறந்து, அதற்குள்ளிருந்தே பழைய ஃபைலைத் திறந்து எழுதினால் இந்தக் குழப்பமே வராது.

அடுத்து, வரி. 0.0.0.0 என்று எழுதி, ஓர் இடைவெளி விட்டு, தளத்தின் பெயர். முன்னால் ஹெச்டிடிபிஎஸ் வரக்கூடாது. மூன்று டபிள்யூவோடு ஒரு வரி, இல்லாமல் ஒரு வரி, மொபைல் பக்கத்துக்கான 'எம் டாட்' போட்டு ஒரு வரி என்று தனித்தனியாக வேண்டும். நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாகப் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், ஹோஸ்ட்ஸுக்கு அது புரியாது. எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுங்கள், பழைய நினைவு போய்விடும். பிரவுசரில் இலவச விபிஎன் (நம் இணைப்பை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றி அனுப்புவது) நீட்சி ஏதாவது சேர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது ஹோஸ்ட்ஸைத் தாண்டிப் போய்விடும்.

மேசைமேல் போன் இருக்கிறதா? அதில் ஃபேஸ்புக் இருக்கிறதா? அதற்கு ஹோஸ்ட்ஸ் பதில் சொல்லாது.

கேள்வி: நீங்கள் முன்பு சொன்னபடி ரவுட்டரில் குடும்ப டிஎன்எஸ் போட்டேன். பிளஸ் டூ படிக்கும் மகன் ஒரே வாரத்தில் தாண்டிவிட்டான். எப்படித் தாண்டுகிறான்?
*(வாசகர், நாகர்கோவில்)*

பையன் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்ளுங்கள்.

வழிகளைச் சொல்கிறேன், எது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். எளிதானது, போனில் வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் பார்ப்பது, அல்லது போனின் ஹாட்ஸ்பாட்டை லேப்டாப்புக்குக் கொடுப்பது. இதில் உங்கள் ரவுட்டருக்கு வேலையே இல்லை. இரண்டாவது, விபிஎன். மூன்றாவது, பிரவுசருக்குள்ளேயே இருக்கும் 'செக்யூர் டிஎன்எஸ்'. குரோமில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டிக்குள் செக்யூரிட்டி என்ற இடத்தில் இருக்கிறது. அதில் வேறொரு டிஎன்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால், பெயர் கேட்கும் பேச்சு மறைகுறியாக்கப்பட்டு நேராக அங்கே போய்விடும். நீங்கள் ரவுட்டரில் எழுதியதை பிரவுசர் கேட்கவே கேட்காது. 2018-இல் தரநிலையாக வந்த விஷயம், நம்மை வேவு பார்ப்பவர்களிடமிருந்து காப்பாற்றத்தான் வந்தது. அப்பாக்களின் வடிகட்டி அதில் அடிபட்டுப்போனது. நான்காவது, பெட்டியின் பின்புறத் துளையில் குண்டூசியைக் குத்தி ரீசெட் செய்வது. இதுவாக இருந்தால் நீங்கள் மாற்றிய அட்மின் பாஸ்வேர்டு போய், ஸ்டிக்கரில் உள்ளது திரும்பியிருக்கும். அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம்.

லேப்டாப்பில் பையனுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர் அல்லாத சாதாரணக் கணக்கு கொடுங்கள். டிஎன்எஸ்ஸை மாற்றுவதும் பல விபிஎன்களைப் போடுவதும் அதில் நடக்காது. மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி இலவசம்தான், ஆனால் அதன் தள வடிகட்டி எட்ஜ் பிரவுசரில்தான் வேலை செய்யும், மற்ற பிரவுசர்களை அடைத்துவிட வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு 9 முதல் வந்த போன்களில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று ஓர் இடம் உண்டு. அதில் ஃபேமிலி டாட் கிளவுட்ஃப்ளேர்-டிஎன்எஸ் டாட் காம் என்று எழுதினால் சிம் டேட்டாவிலும் வடிகட்டி நிற்கும்.

ஆனால் அந்த போனின் லாக் அவன் கையில். எழுதியதை அழிக்க அரை நிமிடம் போதும். பதினேழு வயதுப் பையனுக்கும் உங்களுக்கும் இடையே இதை ஒரு போட்டியாக நடத்தினால் ஜெயிக்கப் போவது அவன்தான். இந்த வடிகட்டிகள் தெரியாமல் போய் விழுவதைத் தடுக்கும், தேடிப் போவதைத் தடுக்காது. சின்னப் பிள்ளைக்கு முதலாவதே போதும். உங்கள் மகனிடம் என்ன போட்டிருக்கிறீர்கள், ஏன் போட்டிருக்கிறீர்கள் என்று நேராகச் சொல்லிவிடுங்கள். எப்படித் தாண்டினான் என்றும் கேளுங்கள். பெருமையாகவே சொல்வான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியை நான். கம்ப்யூட்டரில் தினமலர் படித்துக்கொண்டிருக்கும்போதே வலது மூலையில் அசிங்கமான படங்களும் "உங்கள் கணினியில் வைரஸ்" என்ற எச்சரிக்கையும் வருகின்றன. பேரன் பார்த்தால் என்ன நினைப்பான்? அந்தத் தளத்தை எப்படித் தடுப்பது?
*(வாசகி, காரைக்குடி)*

டீச்சர், பதற வேண்டாம். நீங்கள் படிக்கிற பத்திரிகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பெரும்பாலும் வைரஸும் இல்லை. என்றோ ஒரு நாள் ஏதோ ஒரு பக்கம் "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலோ என்பதை அழுத்துங்கள்" என்று கேட்டிருக்கும், நீங்களோ பேரனோ அழுத்தியிருப்பீர்கள். அது கேட்டது அறிவிப்பு அனுப்ப அனுமதி. கொடுத்த அனுமதியை வைத்துக்கொண்டு, நீங்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும் மூலையில் வந்து நிற்கிறது.

குரோமில் மேலே வலப்பக்கம் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்துங்கள். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போனால் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். வாயில் நுழையாத பெயர்களாகச் சில தெரியும். அவை எல்லாவற்றையும் நீக்குங்கள். அதே பக்கத்தில் இனி எந்தத் தளமும் அறிவிப்பு அனுப்ப அனுமதி கேட்கவே கூடாது என்றும் வைத்துவிடலாம். பத்திரிகை படிப்பவருக்கு அறிவிப்பே தேவையில்லை. அந்த அசிங்கம் நின்றுவிடும்.

அந்த வைரஸ் எச்சரிக்கையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழுத்திவிடாதீர்கள். சில நேரம் திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் அலறி, "இந்த எண்ணுக்கு உடனே கூப்பிடுங்கள்" என்று மைக்ரோசாஃப்ட் பெயரில் வரும். மைக்ரோசாஃப்ட் அப்படித் திரையில் எண் போட்டுக் கூப்பிடச் சொல்வதில்லை. எஸ்கேப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள், திரை சுருங்கும், மூடிவிடுங்கள். முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்தி அணைத்துவிடுங்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால், எனிடெஸ்க் மாதிரி ஒன்றைப் போடச் சொல்லி, உங்கள் கம்ப்யூட்டரை அங்கிருந்தே இயக்கி, பென்ஷன் கணக்கு வரைக்கும் போவார்கள். தெரிந்தவர் யாராவது ஏற்கெனவே பணம் விட்டிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறாரோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு.

கேள்வி: எனக்கே எனக்குத் தடை வேண்டும். ஆன்லைன் ரம்மியில் நிறைய விட்டுவிட்டேன். ஆப்பை அழிப்பேன், இரவில் வேறு தளத்தில் ஆடுவேன். வீட்டில் தெரியாது. திறக்கவே முடியாதபடி ஏதாவது செய்ய முடியுமா?
*(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)*

ஐயா, இந்த மாதக் கடிதங்களில் தடுப்பு உண்மையாகவே பலன் தரக்கூடிய கடிதம் உங்களுடையது. ஏனென்றால் இங்கே பூட்டைக் கேட்பதே நீங்கள்தான்.

மேலே சொன்ன குடும்ப டிஎன்எஸ் உங்களுக்கு உதவாது. 1.1.1.3 ஆபாசத்தையும் தீங்கான தளங்களையும்தான் தடுக்கும், சூதாட்டத்தைத் தொடாது. நெக்ஸ்ட்டிஎன்எஸ் என்று ஒன்று இருக்கிறது. மாதம் 3,00,000 டிஎன்எஸ் கேள்விகள் வரை இலவசம், ஒரு போனுக்கும் ஒரு கம்ப்யூட்டருக்கும் அது பொதுவாகப் போதும். அந்த அளவு தாண்டினால் மாத முடிவு வரை தடுப்பதை நிறுத்திவிடும் என்பதை நினைவில் வையுங்கள். அதில் சூதாட்டம் என்று ஒரு பிரிவையே அடைக்கலாம், புதிதாகத் தெரியவரும் பெயரை நாமும் சேர்க்கலாம். உங்களுக்கென்று ஒரு முகவரி கொடுப்பார்கள், அதை போனின் பிரைவேட் டிஎன்எஸ்ஸில் எழுதினால் சிம் டேட்டாவிலும் நிற்கும். இதோடு பெட்பிளாக்கர் என்ற இலவச ஆப்பையும் போடுங்கள். சூதாட்டத் தளங்களை மட்டும் தடுப்பதற்காகவே செய்தது. எவ்வளவு காலம் என்று நீங்களே குறித்துவிட்டால், அது முடியும்வரை எடுப்பதைக் கடினமாக்கிவிடும்.

இரவு ஒரு மணிக்குக் கை துறுதுறுக்கும்போது எல்லாவற்றையும் நீங்களே கழற்றுவீர்கள். அதனால் நெக்ஸ்ட்டிஎன்எஸ் கணக்கின் பாஸ்வேர்டு உங்களிடம் இருக்கக்கூடாது. மனைவியோ அண்ணனோ, யாராவது ஒருவர் வைத்திருக்க வேண்டும். அதாவது வீட்டில் ஒருவருக்காவது சொல்லியாக வேண்டும். அதைத் தாண்டி ஒரு வழியை என்னால் எழுத முடியவில்லை.

பணம் போகும் வாசலையும் அடையுங்கள். கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனையை நிறுத்தவும் வரம்பு வைக்கவும் வங்கிகள் 2020 அக்டோபரிலிருந்து வசதி தந்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. உங்கள் வங்கி ஆப்பிலேயே இருக்கும். யுபிஐ-யில் சம்பளக் கணக்கை நீக்கிவிட்டு, பால், காய்கறிக்கு ஆகிற அளவு மட்டும் போட்டு வைத்த இன்னொரு கணக்கை இணையுங்கள்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்கிறது. பெயர் தெரிந்த ரம்மி கம்பெனிகள் அப்போதே பண ஆட்டத்தை நிறுத்தின. இப்போது டெலிகிராமிலும் எஸ்எம்எஸ்ஸிலும் லிங்க் அனுப்பி, பிளே ஸ்டோருக்கு வெளியே ஆப்பைப் போடச் சொல்பவர்களிடம் ஜெயித்தால்கூடப் பணம் வரும் என்பதற்கு எந்தப் பிடிமானமும் இல்லை. டெலிகிராமில் அந்தக் குழுக்களிலிருந்து வெளியேறுங்கள், லிங்க் வரும் எண்களைத் தடுங்கள்.

14416 என்பது அரசின் மனநல உதவி எண், டெலிமானஸ் என்று பெயர், இலவசம், தமிழில் பேசலாம். ரம்மிக்கெல்லாம் கூப்பிடுவார்களா என்று தயங்காதீர்கள், கூப்பிடலாம்.

கேள்வி: யூடியூபில் ஒரே ஒரு சேனலை மட்டும் ரவுட்டரில் தடுக்க முடியுமா? குழந்தை அதையே பார்க்கிறாள்.
*(வாசகி, திண்டுக்கல்)*

முடியாது. இணைப்பு ஹெச்டிடிபிஎஸ், அதாவது மறைகுறியாக்கப்பட்டது, என்பதால், யூடியூபுக்குப் போகிறார்கள் என்பதுதான் ரவுட்டருக்குத் தெரியும், உள்ளே எந்த வீடியோ என்பது தெரியாது. யூடியூப் முழுவதையும் அடைக்கலாம், அல்லது திறக்கலாம். குழந்தைக்கு யூடியூப் கிட்ஸ் போட்டுக் கொடுங்கள், அதில் பிடிக்காத சேனலை நீங்களே அடைக்கலாம். சேனல்களைப் பொறுக்கி எடுத்து அவை மட்டும் வருமாறும் செய்யலாம்.

கேள்வி: வீட்டில் யார் யார் எந்தத் தளம் பார்க்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரிய ஏதாவது வழி? குறிப்பாக மனைவியின் போன்.
*(வாசகர், சேலம்)*

இந்தப் பக்கத்தில் இல்லை.

கேள்வி: இரவு பத்து மணிக்குமேல் மகளின் போனுக்கு வைஃபை கிடைக்காதபடி ரவுட்டரில் நேரம் குறித்தேன். சில நாள் நின்றது, இப்போது மறுபடி கிடைக்கிறது. அவள் எதுவும் செய்யவில்லை என்கிறாள்.
*(வாசகி, விருதுநகர்)*

அவள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ரவுட்டர் ஒரு போனை அடையாளம் காண்பது மேக் முகவரி என்ற எண்ணை வைத்து. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 முதல் போன்கள் தங்கள் நிஜ எண்ணைக் காட்டாமல், ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு பொய் எண்ணைக் காட்டுகின்றன. வைஃபையை 'மறந்துவிடு' என்று கொடுத்துவிட்டு மறுபடி இணைந்தால், அல்லது போனை ரீசெட் செய்தால், அந்த எண் மாறக்கூடும். உங்கள் பெட்டிக்கு அது யாரோ புது விருந்தாளி.

போனில் உங்கள் வைஃபையின் பெயரை அழுத்தி, பிரைவசி என்ற இடத்தில் 'டிவைஸ் மேக்' என்று மாற்றுங்கள். ஐபோன் என்றால் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை அணையுங்கள். பிறகு ரவுட்டரில் பழைய பதிவை அழித்துவிட்டு, இப்போது தெரியும் எண்ணுக்கு நேரத்தைக் குறியுங்கள். வெளியிடங்களின் வைஃபைக்கு அந்தப் பொய் எண் அப்படியே இருக்கட்டும், அது அவளுக்கு நல்லது.